பச்சை முள், சிவப்பு முள்

சின்னதுரை செத்த அன்றைக்கு நாகமுத்துவுக்கு அவன் தரவேண்டியிருந்தது நூற்றுப் பதினேழு ரூபாய் ஐம்பது பைசா. அந்த பாக்கிக்கு ஈடாக வீட்டுக்கு வந்ததுதான் ரெக்கார்டு பிளேயர். வந்த மூன்றாம் நாளே அதில் ஒரு கோளாறு தெரிந்தது. பாட்டு முடிந்த பிறகும் சத்தம் முடியவில்லை.

நாகமுத்துவுக்கு அந்த மாதம் முழுக்க நைட் ஷிப்டு. ஊரெல்லாம் வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் கும்மிடிப்பூண்டி பவுண்டரியிலிருந்து சைக்கிளில் வந்து, சன்னலுக்கு நனைத்த கோணியைத் தொங்கவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு படுப்பான். அவனுக்கு அதுதான் ராத்திரி. பெண்டாட்டி குப்பாயி செங்கல் சூளைக்குப் போய்விட்டால் சாயங்காலம் வரைக்கும் அந்த ஒற்றை அறையில் அவன் ஒருத்தன்தான். வெளியே வெயில் ஓட்டைச் சுட்டுக்கொண்டிருக்கும், உள்ளே கோணியின் ஈரநாற்றம் சுவரில் ஏறிக்கொண்டிருக்கும், ஓட்டு இடுக்கில் நுழைந்த ஒரு கீற்று வெளிச்சம் தரையில் நகர்ந்து நகர்ந்து அவன் கால் பெருவிரலைத் தொடும்போது மணி மூன்று என்று அர்த்தம்.

அப்படி ஒரு பகலில்தான் தூக்கம் வராமல் பெட்டியைத் திறந்து ரெக்கார்டைப் போட்டான். பெட்டியோடு வந்தது ஒரே ஒரு ரெக்கார்டு. நிமிஷத்துக்கு எழுபத்தெட்டு சுற்று சுற்றுகிற பழைய தட்டு, நாதஸ்வரம். முள் தேய்ந்து போயிருந்ததால் நாதஸ்வரம் சளி பிடித்தவன் மாதிரி கரகரத்தது. மூன்று நிமிஷத்தில் வாசிப்பு முடிந்தது. முடிந்தால் முள் கடைசி வட்டத்தில் டொக், டொக் என்று தட்டிக்கொண்டிருக்க வேண்டும். இது தட்டவில்லை. உரசியது. சர்ர்... சர்ர்... என்று, ஈரமண்ணை இரும்பு அலகு வழித்துக்கொண்டு போகிற மாதிரி, ஒரே சீராக, சுற்றுக்கு ஒரு தரம்.

அந்தச் சத்தம் அவனுக்குத் தெரியும். பன்னிரண்டு வருஷம் அதன் பக்கத்தில் நின்றிருக்கிறான்.

பவுண்டரியில் இரும்பு வார்க்கிற அச்சுக்கு மண் பிசைகிற மெஷின் அது. ஆள் மட்டத்துக்குச் சுவர் வைத்த பெரிய வட்ட இரும்புத் தொட்டி. நடுவில் ஒரு தண்டு. தண்டோடு சேர்ந்து சுற்றும் இரண்டு உருளை, உருளைக்கு முன்னால் மண்ணை வழிக்கிற ஓர் அலகு. ஷிப்டு முடிவில் ஒருத்தன் உள்ளே இறங்கி, ஒட்டின மண்ணைக் கடப்பாரையால் சுரண்ட வேண்டும். இறங்குகிறவன் முதலில் மெயின் பலகையிலிருந்து பீங்கான் பீஸ் கட்டையைப் பிடுங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொள்வான். கட்டை அவன் பையில் இருக்கிற வரைக்கும் யார் பச்சை பட்டனை அமுக்கினாலும் மெஷின் ஓடாது. அவன் உசுரை அவனே சுமந்துகொண்டு இறங்குகிற மாதிரி. யாரும் எழுதிவைக்காத சட்டம் அது.

நாகமுத்து பிளேயரை நிறுத்தினான். மண்ணும், மண் இறுகுவதற்கு அதில் ஊற்றுகிற வெல்லப்பாகு கருகியதும் கலந்த பவுண்டரி வாசனை லேசாக அடித்தது. தன் சட்டைதான் என்று நினைத்துக்கொண்டான். சட்டை அன்று காலையில்தான் துவைத்துக் காயப்போட்டது.

பெட்டியை அவன் வாங்கிவந்தது சின்னதுரையின் பெண்டாட்டி ஆரோக்கியமேரியிடம். பவுண்டரியில் அவனோடு வேலை பார்த்த அவள் புருஷன் அந்தத் தொட்டிக்குள் செத்து பதினோரு மாசம். கம்பெனியிலிருந்து நஷ்ட ஈடு பத்துக் காசு வரவில்லை. ஏனென்றால், 'சின்னதுரை பீஸ் கட்டையைப் பிடுங்காமல் தன் அஜாக்கிரதையால் இறங்கினார்' என்று ஒரு காகிதம் இருந்தது. கீழே சாட்சிக்கு நாகமுத்துவின் கைநாட்டு. அஜாக்கிரதை. குமாஸ்தா வாசித்துக் காட்டியபோது அந்த ஒரு சொல் அவன் காதில் முள்ளாகத் தைத்தது. அதற்குப் பிறகுதான் மாலைப் பள்ளிக்குப் போய், நரைத்த தலையோடு அ, ஆ படித்தான். அந்தச் சொல்லை எழுதக் கற்றுக்கொள்ள எட்டு மாதம் ஆனது.

மேரி வாசலிலேயே பெட்டியை வைத்திருந்தாள். உள்ளே கூப்பிடவில்லை.

"எடுத்துக்கினு போ. டப்புக்கு டப்பு சரியாப் போச்சா?"

"சரியாப் போச்சும்மா."

"வாயால சொன்னா ஆவாது. எழுதிக் குடு. இப்போ பெரிய படிப்பாளியாமே நீ."

அவன் எழுதினான். 'சின்னதுரை பாக்கி 117.50 வரவு. கணக்கு தீர்ந்தது.' பேனா இரண்டு இடத்தில் காகிதத்தைக் கிழித்தது. அவள் அதை வாங்கி, படிக்காமல், அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு மடித்தாள்.

"ஒண்ணு கேக்கறேன். எங்க ஊட்டுல பல்பு மாத்தறதுக்குக்கூட அந்தாளு பீஸ் கட்டையப் புடுங்கி பையில போட்டுக்கினுதான் ஸ்டூல் மேல ஏறுவாரு. ஒரு நாளும் மறந்ததில்ல. அன்னிக்கு மட்டும் எப்படி மறந்தாரு?"

"எனக்கு இன்னா தெரியும்?"

"உனக்குத் தெரியும்" என்றாள் மேரி. கதவைச் சாத்திவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மச்சான் மகளுக்கு மஞ்சத்தண்ணி சுற்றுகிறார்கள். பாட்டுச் செட்டு நான் போடுகிறேன் என்று நாகமுத்து வாய் விட்டிருந்தான். அதனால் சனிக்கிழமை காலை தூங்காமல், பெட்டியைச் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு புதுவாயல் கூட்டு ரோட்டுக்குப் போனான். அங்கே வீரராகவன் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தார். கண்ணில் பூதக்கண்ணாடியும் வாயில் வெற்றிலையுமாக இருக்கிற மனுஷன். லாரி போகும்போதெல்லாம் கடையே அதிரும். மேசைமேல் வயிறு திறந்த ரேடியோக்கள் கிடந்தன.

பெட்டியைத் திறந்ததும் அவர் மெல்லுவதை நிறுத்தினார்.

"இது சின்னதுரை செட்டு ஆச்சே. இந்த ரப்பர் சக்கரம் நான் போட்டது. உன் கைக்கு எப்படிய்யா வந்துச்சு?"

"பாக்கிக்கு வந்துச்சு."

"செத்தவன் ஊட்டுல நல்ல வேட்டைதான். மேல சொல்லு."

"முள்ளு போயிடுச்சு. வேற போடணும்."

வீரராகவன் பிளேயரின் முள் கையைத் தூக்கி, அதன் நுனியில் இருந்த தலைப்பெட்டியைக் கழற்றி, கண்ணாடி வைத்துப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு வெள்ளைக் காகிதத்தில் தட்டினார். கொஞ்சம் கறுப்பு மண் விழுந்தது. விரலால் தொட்டு முகர்ந்தார்.

"இன்னாய்யா இது, பவுண்டரி மண்ணு? முள்ளு மண்ண உழுதுக்கினு போயிருக்குது. நீ பாட்டு கேட்டியா, ஏர் ஓட்டினியா?"

நாகமுத்து சிரிக்கவில்லை. கை கழுவின பிறகுதான் பெட்டியைத் தொட்டோம் என்று ஞாபகப்படுத்திப் பார்த்தான். கழுவித்தான் தொட்டான்.

வீரராகவன் இரண்டு அட்டை டப்பிகளை முன்னால் வைத்தார்.

"ரெண்டு தினுசு இருக்குது. இது ஒத்த முள்ளு, தடிமன். பழைய எழுபத்தெட்டுக்கு மட்டும். எட்டு ரூபா. இது ரெட்டை முள்ளு. இந்தா, குமிழத் திருப்பினா முள்ளு மாறும். பச்சைப் புள்ளி மேல வந்தா தடி முள்ளு. சிவப்பு வந்தா மெல்லிசு முள்ளு, அது இப்ப வர்ற லாங்பிளே தட்டுக்கு. பதினோரு ரூபா. உன்கிட்ட இருக்கறது ஒரே பழைய தட்டு. ஒத்த முள்ளே போதும்."

"ரெண்டும் இருந்தா நல்லதுதானே. மூணு ரூபாதானே ஜாஸ்தி."

"கேளுய்யா. ரெக்கார்டுல கோடு இருக்குதே, அது ஒரு பள்ளம். பழைய தட்டுல அகலமான பள்ளம். தடி முள்ளு அடியில போவாது, ரெண்டு பக்கமும் தோள வெச்சிக்கினு நடுவாப்புலயே போவும். அதான் பாட்டு. மெல்லிசு முள்ளு நேரா அடிமட்டத்துல போய் விழும். அங்க பாட்டு கெடயாது. வருஷக்கணக்கா கீழ இறங்கிக் கெடக்கற குப்பைதான் இருக்கும். அதெல்லாம் மேல வரும்."

"நான் சிவப்ப தொடமாட்டேன்."

"தொட மாட்டேன்னு சொல்றவன் எதுக்கு மூணு ரூபா தண்டம் அழறே?"

ஒரு விலையில் இரண்டு முள் என்ற கணக்கு நாகமுத்துவின் மண்டையில் உட்கார்ந்துவிட்டது. கையில் கிடைக்கிறதை விடுகிற ஆள் இல்லை அவன். ரெட்டை முள்ளையே எடுத்தான். வீரராகவன் அதைப் பொருத்தி, பச்சைப் புள்ளியை மேலே வைத்துக் கொடுத்தார். கரண்டு இல்லாததால் போட்டுப் பார்க்கவில்லை. கிளம்பும்போது, அந்தக் காகிதத்து மண்ணை மடித்து அவன் சட்டைப் பையில் செருகினார்.

"உன் சொத்து. நீயே எடுத்துக்கினு போ. என் கடையில வாணாம்."

வழியில் பையைத் தட்டி மண்ணை ரோட்டில் கொட்டினான்.

வீட்டுக்கு வந்தபோது பன்னிரண்டு மணி. குப்பாயி சூளையில் இருந்தாள். கதவைச் சாத்தி, கோணியை நனைத்துத் தொங்கவிட்டு, பிளேயரைத் தரையில் வைத்து ரெக்கார்டைச் சுழலவிட்டான். பச்சை முள் இறங்கியது. இத்தனை நாள் சளி பிடித்திருந்த நாதஸ்வரம் சுத்தமாக, வெண்கலம் பளபளக்கிற மாதிரி வந்தது. மூச்சு இழுக்கிற சத்தம்கூடக் கேட்டது. பரவாயில்லை, பதினோரு ரூபாய் வீண் இல்லை என்று சுவரில் சாய்ந்தான். ஓட்டுக்கு மேலே காக்கா நடக்கிற சத்தம், பக்கத்து வீட்டு அம்மிச் சத்தம், தூரத்தில் சரக்கு ரயில் போகிற சத்தம் எல்லாம் வாசிப்போடு கலந்து கேட்டன. பிறகு ஒவ்வொன்றாக நின்றுபோனதை அவன் உடனே கவனிக்கவில்லை. அம்மி நின்றது. காக்கா நின்றது. கடைசியில் வாசிப்பு முடிந்தது.

சர்ர்... சர்ர்...

புது முள். ஆனாலும் அதே சத்தம். முன்னைவிடப் பக்கத்தில்.

சர்ர்... சர்ர்...

"நைனா."

அவனை நைனா என்று கூப்பிட்டது ஒரே ஒருத்தன்தான்.

நாகமுத்து எழுந்திருக்கவில்லை. எழுந்தால் அது நிஜமாகிவிடும் என்று தோன்றியது. வியர்வை முதுகில் கோடாக இறங்கியது. கோணியின் ஈரநாற்றம் போய், கருகிய வெல்லப்பாகு வாசனை அறையை நிறைத்திருந்தது.

"நைனா, உள்ள இருக்கறேன்."

சுவிட்சைத் தட்டினான். ரெக்கார்டு நிற்கவில்லை. ஒயரைப் பிடித்து இழுத்தான். பிளக் சுவரிலிருந்து கழன்று கையோடு வந்தது. அந்த இரண்டு பித்தளைக் கால்களையும் பார்த்தான். ரெக்கார்டு சுற்றிக்கொண்டிருந்தது.

முள் கையைத் தூக்கப் போனான். அது தரையில் அறைந்த இரும்பு மாதிரி அசையவில்லை. நுனியில் பச்சைப் புள்ளி அவனைப் பார்த்தது. பச்சை. பன்னிரண்டு வருஷம் மெஷினில் நின்ற கை அவனுடையது. பச்சை ஓடுவதற்கு, சிவப்பு நிற்பதற்கு. வீரராகவன் சொன்னது எதுவும் அப்போது அவன் மண்டையில் இல்லை. கை யோசிக்கவில்லை. கைக்குத் தெரிந்ததைக் கை செய்தது. குமிழைத் திருப்பி, சிவப்பை மேலே கொண்டுவந்தது.

நின்றது.

ஒரு மூச்சு. இரண்டு மூச்சு. அப்பாடா என்று சொல்ல வாயைத் திறந்தான்.

மெல்லிசு முள் அடிமட்டத்தில் போய் விழுந்தது.

முதலில் ஷிப்டு முடிகிற சங்கு கேட்டது. பிறகு ஆட்கள் குழாயடிக்குப் போகிற காலடி, எங்கேயோ சம்மட்டி, பிறகு இரும்புத் தொட்டிக்குள் கடப்பாரை சுரண்டுகிற சத்தம். பிறகு அவனுடைய குரல். அவனுடைய சொந்தக் குரல், தட்டிலிருந்து.

"எங்கடா என் டப்பு? நூத்திப் பதினேழு அம்பது."

தொட்டிக்குள்ளிருந்து சின்னதுரை சிரித்தான். அது எதிரொலியோடு வந்தது. "உனக்குத்தான் எழுதப் படிக்கத் தெரியாதே நைனா. கணக்க எதுல வெச்சிருக்கே, தலைமுடியிலயா? பீடி பத்த வெச்சிக்கினு போ. தரும்போது தர்றேன்."

அதற்குப் பிறகு ஒரு சின்னச் சத்தம். டக். யாருக்கும் கேட்டிருக்காத சத்தம். எலெக்ட்ரிஷியன் அலமாரியிலிருந்து எடுத்த வேறொரு பீஸ் கட்டையை நாகமுத்து மெயின் பலகையில் செருகுகிற சத்தம். சும்மா மிரட்டத்தான். அப்படித்தான் அவன் தனக்குத்தானே பதினோரு மாசமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். ஒரு குலுக்கு குலுக்கினால் பயந்து தருவான். அவ்வளவுதான்.

பச்சை பட்டன் அமுங்கியது. உருளை புறப்பட்டது.

"நைனா! நிறுத்து நைனா!"

அப்போது அவன் கை சிவப்பு பட்டனுக்குப் போனது. போனது உண்மை. பட்டன் மேல் ஒரு விரற்கடை உயரத்தில் நின்றது. நின்றதும் உண்மை. ஏன் நின்றது என்று அவனை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டான். அவனுக்கு ஒரு கணக்கு வந்திருந்தது. எழுத்துத் தெரியாதவனுடைய கணக்கு. ஒரு சுற்றுக்குப் பத்து ரூபாய்.

தட்டிலிருந்து அவன் குரல் மெதுவாக, அலுப்பில்லாமல் எண்ணியது.

"பத்து. இருவது. முப்பது."

நாகமுத்து காதைப் பொத்தினான். அது காது வழியாக வரவில்லை.

பதினோரு சுற்று. நூற்றுப் பத்து. மிச்சம் ஏழரை ரூபாய்க்கு முக்கால் சுற்று. அப்புறம்தான் சிவப்பை அமுக்கினான். அப்புறம்தான் ஐயோ என்று கத்தினான். ஆள் வருவதற்குள் உள்ளே கைவிட்டு, சட்டைப் பை என்று தெரிந்த இடத்திலிருந்து சின்னதுரையின் பீஸ் கட்டையை எடுத்து மடியில் சொருகிக்கொண்டான். அன்றைக்கு ராத்திரியே அதை ஏரியில் எறிந்தான். பாக்கி அன்றைக்கே தீர்ந்துவிட்டது. அவனுக்குத் தெரியும். தெரிந்தும் பதினோரு மாசம் கழித்து மேரி வாசலில் போய் நின்று பெட்டியையும் வாங்கி வந்தான். இரண்டு தரம் வசூல்.

"ஜாஸ்தியா வாங்கிட்டே நைனா" என்றது தட்டு. "நீ எனக்குத் தரணும் இப்போ."

கதவுக்கு ஓடினான். கதவு அங்கே இல்லை. கை பட்ட இடத்தில் இரும்பு. வளைந்த இரும்பு. தடவிக்கொண்டே போனான். மூலை வரவில்லை. அவன் வீட்டுக்கு நாலு மூலை உண்டு. ஒன்றுகூட வரவில்லை. காலடியில் ஈரமண். கணுக்கால் வரைக்கும். தரையில் விழுந்திருந்த வெளிச்சக் கீற்று நகர்ந்தது. மணிக்கணக்கில் நகர்கிற கீற்று. இப்போது வேகமாக. வட்டமாக.

பின்னால் எதுவோ புறப்பட்டது. கனமாக.

சட்டைப் பை பாரமாக இருந்தது. மண்ணைத்தான் ரோட்டிலேயே கொட்டிவிட்டானே. கைவிட்டான். வழவழப்பு. பீங்கான். ஓரத்தில் ஏரிச் சேறு. சேற்றுக்கு அடியில் காய்ந்த கறுப்பு.

பீஸ் கட்டை அவன் பையில் இருந்தது.

ஆனாலும் மெஷின் ஓடியது.

"பத்து" என்று எண்ணியது சின்னதுரையின் குரல்.

ஓடினான். அலகு குதிகாலைத் தொட்டது.

"இருவது. முப்பது."

"சின்னதுரை! டேய்! நிறுத்துடா! பொட்டியத் திருப்பிக் குடுத்துடறேன்! உண்மைய எழுதித் தந்துடறேன்! எனக்கு எழுதத் தெரியும்டா இப்போ!"

"நாப்பது."

மண் முழங்காலுக்கு ஏறியது. வாயில் மண். வெல்லப்பாகு இனிப்பு. மூச்சில் மண். ஓடினான். வட்டம். உருளை. வட்டம்.

"எழுவது."

செருப்பு போனது. பிறகு செருப்போடு வேறெதுவோ போனது. பார்க்கவில்லை.

"நூறு. நூத்திப் பத்து."

முக்கால் சுற்று. முக்கால் சுற்றுதான் மிச்சம். தாங்கிவிடலாம். சின்னதுரை கணக்கில் ஏமாற்றுகிறவன் இல்லை. நூற்றுப் பதினேழு ஐம்பது ஆனதும் நிறுத்துவான். நிறுத்தத்தான் வேண்டும். கணக்கு என்றால் கணக்கு.

"நூத்திப் பதினேழு அம்பது" என்றது குரல். "வரவு வெச்சிக்கினேன் நைனா. கணக்கு தீந்துச்சு."

நாகமுத்து தலையைத் தூக்கி மேலே பார்த்தான். தொட்டியின் விளிம்புக்கு மேலே, கொளுத்துகிற பகல் வெளிச்சத்தில், மண் அப்பிய ஒரு கை. அந்தப் பக்கம் அமுங்கிய பச்சை பட்டன். பக்கத்தில் சிவப்பு. கை சிவப்புக்கு மேல், ஒரு விரற்கடை உயரத்தில் நின்றுகொண்டிருந்தது.

இறங்கவில்லை.